வீட்டில் கட்டிய விமானத்துக்கு மாற்றுப் பாட்டரி

மோட்டார் வண்டியின் பாட்டரி ஓய்ந்துவிட்டால், அதே இடத்தில் அடங்கக்கூடிய வேறொன்றை வாங்கி வைத்துக் கம்பிகளை முடுக்கிவிட்டால் வேலை முடிந்துவிடுகிறது. புதியது பழையதைவிட எட்டுக் கிலோகிராம் எடை குறைந்ததாக இருப்பினும், வண்டியின் ஓட்டத்தில் அதனால் யாதொரு மாறுதலும் தோன்றுவதில்லை. சிறு விமானத்தின் நிலை இதுவன்று. விமானத்தில் உள்ள ஒவ்வொரு பொருளும் இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, அதற்கென அமைந்த வேலை. மற்றொன்று, தான் வைக்கப்பட்ட இடத்தில் எடையாக இருக்கும் வேலை. பாட்டரியை மாற்றுவோர் முதலாவதைக் கருதி இரண்டாவதை மறந்துவிடுதல் எளிது. அம்மறதியின் விளைவு தரையில் தெரிவதில்லை, வானில்தான் தெரிகிறது.

மூக்கை ஊன்றி நிற்கும் விமானம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், தம் கையாலேயே சிறு விமானங்களைக் கட்டி ஓட்டுவோர் பல்லாயிரவர் உளர். வேலையில் பெரும்பகுதியைத் தாமே கற்கும் பொருட்டும் பொழுதுபோக்காகவும் செய்து முடித்தால், அவ்விமானத்தைப் பரீட்சார்த்த வகையில் பதிவு செய்துகொள்ள அந்நாட்டுச் சட்டம் இடமளிக்கிறது. இத்தகையோரின் சங்கம் ஒன்று 1953-ஆம் ஆண்டில் விஸ்கான்சின் மாநிலத்தில் தோன்றியது. இவர்கள் கட்டிய விமானங்களுள் புகழ்பெற்றது, பர்ட் ரூட்டன் என்னும் பொறியியலறிஞர் வகுத்த ‘லாங் ஈஸி’ என்பது. கலிபோர்னியாவின் மொஹாவி என்னும் ஊரில் அது 1979-ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பறந்தது. நுரைப் பலகைகளின்மேல் கண்ணாடி இழைத் துணியையும் பிசினையும் படிய வைத்துக் கட்டும் முறையாதலால், கொட்டகையிலேயே அதனைக் கட்ட முடிந்தது.

லாங் ஈஸியின் அமைப்பு வழக்கத்துக்கு மாறானது. எஞ்சினும் ப்ரொபெல்லரும் உடலின் பின்முனையில் இருக்கின்றன. வாலில் இருக்க வேண்டிய சிறு சிறகு மூக்கின் பக்கத்தில் முன்சிறகாக அமைந்துள்ளது. ஓட்டுநர் முன்னிருக்கையில், ஏறத்தாழக் கால் நீட்டிச் சாய்ந்து அமர்கிறார். அவர் இறங்கிவிட்டால் முன்பக்கத்து எடை குறைந்துவிடும். விமானம் பின்புறம் சாய்ந்து ப்ரொபெல்லர் தரையில் மோதக்கூடும். ஆதலால், நிறுத்தி வைக்கும்போது முன் சக்கரத்தை உள்ளே மடக்கிவிட்டு, மேயும் மாட்டைப்போல் மூக்கைத் தரையில் ஊன்றி நிறுத்துவது வழக்கம். இவ்விமானத்துக்கு முன்பக்கத்து எடை எத்துணை இன்றியமையாதது என்பதை இக்காட்சி ஒன்றே உணர்த்தும்.

பின்னால் உள்ள கனத்த எஞ்சினுக்கு ஈடாக, ஸ்டார்ட்டர் பொருத்திய பல லாங் ஈஸி விமானங்களில் பாட்டரி மூக்கினுள் வைக்கப்படுகிறது. இத்தகைய விமானம் ஒன்றின் பழைய காரீயப் பாட்டரி ஓய்ந்துவிட்டது என்று கொண்டு, அதற்கு மாற்றைத் தேர்ந்தெடுத்துப் பொருத்தும் முறையை ஈண்டு வரிசையாகக் காணலாம்.

பாட்டரி உண்மையிலேயே ஓய்ந்ததா?

நன்கு மின்னேற்றி, சில மணி நேரம் வாளாவிட்ட 12 வோல்ட் காரீயப் பாட்டரியின் மின்னழுத்தம் 12.6 முதல் 12.8 வோல்ட் வரை இருக்கும். பாதி வடிந்த நிலையில் அது ஏறத்தாழ 12.2 வோல்ட். இவ்வளவீடு பாட்டரியில் மின்னேற்றம் எந்த மட்டத்தில் உள்ளது என்பதை மட்டும் காட்டும். அதன் கொள்ளளவைக் காட்டாது. வண்டல் படிந்த ஏரியில் நீர்மட்டம் கலிங்கு வரை உயர்ந்து நின்றாலும், தேங்கியிருக்கும் நீர் பழைய அளவில் பாதிகூட இராது. பழைய பாட்டரியும் அவ்வாறே. அதன் தகடுகளில் காரீய சல்பேட் படிகங்கள் இறுகிப் படிந்து இடத்தை அடைத்துக்கொள்கின்றன. வோல்ட்மீட்டர் 12.7 என்று காட்டும். ஆனால் பத்து நிமிடத்தில் பாட்டரி வடிந்துவிடும்.

கொள்ளளவை அறியச் சிறந்த வழி, அறிந்த சுமையை இணைத்துக் கடிகாரத்தைப் பார்ப்பதே. மோட்டார் வண்டியின் முகப்பு விளக்குகள், ஒவ்வொன்றும் 55 வாட் உள்ளவை, இரண்டினை இணைத்தால் ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்னோட்டம் செல்லும். மின்னழுத்தம் 10.5 வோல்ட்டுக்கு இறங்கும் வரை ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பாட்டரி புதிதாக இருந்தபோது இதே சோதனையில் ஆன நேரத்தில் நூற்றுக்கு 80 பங்குக்குக் கீழே இறங்கிவிட்டால், எஞ்சினைச் சுழற்றும் வலிமை இன்னும் இருப்பினும், அதை விமானத்திலிருந்து நீக்கிவிடுதலே தகும். சோதனை முடிந்தவுடன் தாமதமின்றி மீண்டும் மின்னேற்ற வேண்டும். வடிந்த நிலையில் விட்டுவைத்தால் காரீயப் பாட்டரி மேலும் கெடும்.

ஆல்டர்னேட்டரில் பழுது, தளர்ந்த இணைப்பு, துருவேறிய கம்பிமுனை ஆகியவையும் பாட்டரி ஓய்ந்தது போன்ற தோற்றத்தை உண்டாக்கும். இவற்றைச் சோதிக்காமல் புதிய பாட்டரியை வாங்கினால், அதுவும் விரைவில் பழையதாகிவிடும்.

மூவகைப் பாட்டரிகள்

காரீயப் பாட்டரியைப் பிரெஞ்சு அறிஞர் பிளாண்டே 1859-ஆம் ஆண்டில் கண்டறிந்தார். ஒவ்வொரு மின்கலமும் ஏறத்தாழ 2 வோல்ட் தரும். ஆறு கலங்களைத் தொடராக இணைத்தால் 12 வோல்ட். கந்தக அமிலக் கரைசல் திரவமாகவே நிரம்பியுள்ள பழைய வகையில் அவ்வப்போது வாலைவடிநீர் ஊற்ற வேண்டும். கவிழ்ந்தால் அமிலம் சிந்தும். மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். காற்றில் இவ்வாயு நூற்றுக்கு 4 பங்கு கலந்தாலே தீப்பொறி பட்டு வெடிக்கக்கூடும். ஆதலால் இவ்வகைக்கு மூடிய பெட்டியும், வெளிக்காற்றுக்குச் செல்லும் குழாயும் கட்டாயம் தேவை.

இரண்டாவது வகையில் அமிலம் முழுவதும் நுண்ணிய கண்ணாடி இழைப் பாய்களில் ஊறிக் கிடக்கிறது. மின்னேற்றும்போது உண்டாகும் வாயுக்கள் உள்ளேயே மீண்டும் நீராகிவிடுகின்றன. நீர் ஊற்றத் தேவையில்லை. பக்கவாட்டில் சாய்த்தும் வைக்கலாம். எனினும் மிகை மின்னேற்றத்தில் அடைப்பிதழ் திறந்து வாயு வெளியேறும் என்பதை மறத்தலாகாது. சிறு விமானங்களில் வழங்கும் 16 ஆம்பியர்-மணிப் பாட்டரி ஏறத்தாழ 7 கிலோகிராமும், 25 ஆம்பியர்-மணிப் பாட்டரி ஏறத்தாழ 10.5 கிலோகிராமும் எடையுள்ளவை.

மூன்றாவது வகை லிதியம் இரும்புப் பாஸ்பேட் பாட்டரி. இதற்கு அடிப்படையான பொருளைப் பற்றிய ஆய்வை டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் குடினஃப் என்பாரும் உடனாய்வாளரும் 1997-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒரு கலம் ஏறத்தாழ 3.2 வோல்ட் தருவதால் நான்கு கலங்களே போதும். எஞ்சினைச் சுழற்றும் வலிமையில் 10.5 கிலோகிராம் காரீயப் பாட்டரிக்கு இணையான ஒன்று, இரண்டு அல்லது மூன்று கிலோகிராம் எடைதான் இருக்கும். இவ்வெடைக் குறைவே விமானம் கட்டுவோரின் உள்ளத்தைக் கவர்கிறது.

லிதியம் என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்கும் நெருப்பு நினைவுக்கு வரும். 2013-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் போயிங் 787 விமானங்கள் இரண்டில், ஒன்றில் பாஸ்டன் நகரிலும் மற்றொன்றில் ஜப்பான் வான்பரப்பிலும், பாட்டரிகள் எரிந்து புகைந்தன. ஏர் இந்தியாவுக்குச் சொந்தமானவை உட்பட உலகெங்கும் அவ்வகை விமானங்கள் சில மாதங்கள் பறக்காமல் நிறுத்தப்பட்டன. அப்பாட்டரிகள் லிதியம் கோபால்ட் ஆக்சைடு வகையைச் சேர்ந்தவை. பாஸ்பேட்டில் ஆக்சிஜன் உறுதியாகப் பிணைந்திருப்பதால், சூடேறினாலும் அது எளிதில் பிரிந்து எரிதலுக்குத் துணைபோவதில்லை. ஆகவே இவ்வகை பெரிதும் பாதுகாப்பானது. ஆனால் முற்றிலும் தீங்கற்றதன்று. அடைப்புச் சிதைந்தால் இதிலிருந்தும் சூடான புகையும் எரியக்கூடிய வாயுவும் வெளிப்படும்.

மேற்சீட்டில் உள்ள எண்

பாட்டரி வாங்குவோர் முதலில் பார்ப்பது மேற்சீட்டில் அச்சிட்ட ஆம்பியர்-மணி எண்ணை. இங்கே ஒரு பொறி உள்ளது. லிதியம் பாட்டரிகள் சிலவற்றில் ‘காரீயத்துக்கு இணையானது’ என்னும் குறிப்புடன் 24 என்ற எண் அச்சிடப்பட்டிருக்கும். 24 ஆம்பியர்-மணிக் காரீயப் பாட்டரி எஞ்சினைச் சுழற்றும் அளவுக்கு இதுவும் சுழற்றும் என்பதே அதன் பொருள். அதனுள் உண்மையாகச் சேமித்துள்ள மின்சாரம் 8 ஆம்பியர்-மணியாகவே இருக்கலாம்.

வானில் ஆல்டர்னேட்டர் நின்றுபோகும்போதுதான் இவ்வேறுபாடு வெளிப்படும். மாக்னெட்டோ உள்ள பழைய எஞ்சின் தன் தீப்பொறியைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். பாட்டரி முழுவதும் வடிந்தாலும் எஞ்சின் ஓடும். வானொலியும் மின்கருவிகளும் மட்டும் நிற்கும். ஆனால் இக்காலத்தில் கட்டப்படும் பல விமானங்களில் தீப்பொறிக்கும் எரிபொருள் செலுத்துவதற்கும் மின்னணுக் கருவிகளே பயன்படுகின்றன. அத்தகைய எஞ்சினுக்குப் பாட்டரி வடிவதும் எரிபொருள் தீர்வதும் ஒன்றே.

எடுத்துக்காட்டாக, இன்றியமையாத கருவிகள் யாவும் சேர்ந்து 12 ஆம்பியர் இழுப்பதாகக் கொள்வோம். 24 ஆம்பியர்-மணி உண்மையாயின், கணக்கின்படி இரண்டு மணி நேரம் கிடைக்கும். 8 ஆம்பியர்-மணியாயின் 40 நிமிடமே கிடைக்கும். பாட்டரி பழகி 80 பங்குக்கு இறங்கியிருந்தால் அது 32 நிமிடம். காரீயப் பாட்டரியில் வேறொரு குறைவும் உண்டு. அதன்மீது அச்சிட்ட அளவு பெரும்பாலும் 20 மணி நேரம் மெல்ல வடிப்பதைக் கொண்டு கூறப்படுவது. விரைந்து வடித்தால் அவ்வளவு கிடைக்காது.

எனவே, தேர்வு மேற்சீட்டிலிருந்து தொடங்கக் கூடாது. விமானத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆல்டர்னேட்டர் நின்றபின் பாதுகாப்பாகத் தரையிறங்க எத்தனை நிமிடம் தேவை, அந்நேரம் முழுவதும் எத்தனை ஆம்பியர் செலவாகும் என்பவற்றைக் கணக்கிட்டு, அதன்பின் உண்மையான ஆம்பியர்-மணியைத் தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் பார்க்க வேண்டும்.

எடையும் இடமும்

லாங் ஈஸி போன்ற விமானத்தில் முன்சிறகே முதலில் தூக்குவிசையை இழக்குமாறு வகுக்கப்பட்டுள்ளது. வேகம் மிகக் குறையும்போது முன்சிறகின் பிடி தளர்ந்து மூக்கு தானே தாழ்கிறது; வேகம் மீள்கிறது; பெரிய இறக்கை ஒருபோதும் அந்நிலையை எட்டுவதில்லை. ஈர்ப்பு மையம் குறித்த எல்லைக்குள் இருக்கும் வரையில்தான் இப்பாதுகாப்பு நிலைக்கும். ஈர்ப்பு மையம் பின்னால் நகர்ந்தால் முன்சிறகின் சுமை குறைகிறது. முதலில் தளரவேண்டியது தளர்வதில்லை. பெரிய இறக்கை தூக்குவிசையை இழந்துவிடுகிறது. அப்போது மூக்கு தாழாது. விமானம் தட்டையாகவே கீழிறங்கும். அதிலிருந்து மீளுதல் இயலாமற் போகலாம்.

விளக்கத்துக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்ளலாம். பழைய பாட்டரி உட்பட வெற்று விமானம் 320 கிலோகிராம், ஓட்டுநர் 70, எரிபொருள் 50. ஆக மொத்தம் 440 கிலோகிராம். மூக்குப் பக்கத்தில் குறித்த ஒரு தொடக்கக் கோட்டிலிருந்து ஈர்ப்பு மையம் 2.60 மீட்டர் தொலைவில் உள்ளது. பின்னெல்லை 2.62 மீட்டர். பாட்டரி இருக்கும் இடம் 0.50 மீட்டர். பழைய பாட்டரி 10.5 கிலோகிராம், புதியது 2.5 கிலோகிராம்.

மொத்தத் திருப்புத்திறன் 440 × 2.60 = 1144 கிலோகிராம்-மீட்டர். நீக்கிய எடை 8 கிலோகிராம். அதன் திருப்புத்திறன் 8 × 0.50 = 4. எஞ்சியது 1140, எஞ்சிய எடை 432. 1140-ஐ 432-ஆல் வகுக்க, புதிய ஈர்ப்பு மையம் ஏறத்தாழ 2.64 மீட்டர். அஃதாவது, நான்கு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைய நகர்ந்து, பின்னெல்லையைத் தாண்டிவிட்டது. 440 கிலோகிராம் எடையில் 8 என்பது நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. ஆனால் அது நெம்புகோலின் நீண்ட கையின் முனையில் இருந்தமையால் இத்தனை விளைவைத் தந்தது.

இதைச் சரிசெய்ய மூக்கில் மீண்டும் எடை வைக்க வேண்டும். பின்னெல்லையைத் தொடுவதற்கே, பாட்டரி இருந்த இடத்தில் ஏறத்தாழ 3.9 கிலோகிராம் தேவை என்று இதே கணக்கால் அறியலாம். காரீயத்தை நீக்கிப் பெரும்பொருள் செலவிட்டவர், அதில் பாதியளவு காரீயத்தைத் திரும்பவும் கட்டித் தூக்கிச் செல்ல நேர்கிறது. பழைய நிலையை முழுவதும் மீட்பதாயின் எட்டுக் கிலோகிராமும் திரும்ப வரும். அந்நிலையில் காரீயப் பாட்டரியையே வைத்துக்கொள்வது அறிவுடைமை. அந்தக் காரீயமாவது மின்சாரம் தரும்.

ஓட்டுநரின் எடையும் இக்கணக்கில் சேரும். லாங் ஈஸியில் ஓட்டுநர் ஈர்ப்பு மையத்துக்கு முன்னால் அமர்வதால், மெலிந்த ஓட்டுநரே பின்னெல்லையை எளிதில் மீறுவார். ஆகவே கட்டியவரின் எடைக்கு மட்டுமன்றி, அதில் பறக்கக்கூடியோருள் மிகக் குறைந்த எடையுள்ளவருக்கும் கணக்கிட வேண்டும்.

எல்லா விமானங்களிலும் விளைவு ஒரே திசையில் இராது. எஞ்சின் முன்னால் இருக்கும் விமானங்களில் சிலவற்றில் பாட்டரி எஞ்சினுக்குப் பின்னுள்ள தீத்தடுப்புச் சுவரிலும், வேறு சிலவற்றில் இருக்கைகளுக்கு வெகுதூரம் பின்னாலும் உள்ளது. பின்னால் உள்ள பாட்டரியின் எடை குறைந்தால் ஈர்ப்பு மையம் முன்னால் நகரும். ஏற்கெனவே முன்கனம் மிகுந்த விமானமாயின், தரையிறங்கும்போது மூக்கைத் தூக்க இயலாமற் போகலாம். திசை வேறாயினும் கணக்கு ஒன்றே.

மின்னேற்றும் அமைப்புடன் ஒத்துப்போதல்

சிறு விமானங்களின் ஆல்டர்னேட்டர் சீராக்கி பெரும்பாலும் 14 வோல்ட்டுக்குச் சற்று மேலே அமைக்கப்பட்டிருக்கும். காரீயப் பாட்டரி இதில் சிறிது ஏற்றத்தாழ்வைப் பொறுத்துக்கொள்ளும். லிதியம் பாட்டரியோ தன் தயாரிப்பாளர் குறித்த எல்லைக்குள் இருந்தாக வேண்டும், ஏறத்தாழ 14.6 வோல்ட் என்பது வழக்கமான மேலெல்லை. ஆகையால், வாங்குமுன் எஞ்சினை ஓட்டி, பாட்டரி முனைகளிலேயே மின்னழுத்தத்தை அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

லிதியம் பாட்டரியின் உள்தடை மிகக் குறைவு. வடிந்த நிலையில் இருந்தால், ஆல்டர்னேட்டர் தரக்கூடிய மின்னோட்டம் முழுவதையும் அது இழுத்துக்கொள்ளும். சிறிய ஆல்டர்னேட்டர் இதனால் சூடேறிக் கருகலாம். வடிந்த பாட்டரியை வேறொரு பாட்டரியின் துணையால் கிளப்பிவிட்டு உடனே பறப்பது எவ்வகைப் பாட்டரிக்கும் தகாது. மின்னேற்றியைக் கொண்டு தரையிலேயே நிரப்ப வேண்டும். காரீயத் தகட்டின் படிவை நீக்க உயர் அழுத்தத் துடிப்புகளைச் செலுத்தும் மின்னேற்றியை லிதியம் பாட்டரிக்குப் பயன்படுத்தலாகாது.

மேலும், லிதியம் பாட்டரியினுள் ஒரு மின்னணுக் காவல் சுற்று உண்டு. மின்னழுத்தம் மிகத் தாழ்ந்தாலும் மிக உயர்ந்தாலும் அது பாட்டரியை இணைப்பிலிருந்து துண்டித்துவிடும். காரீயப் பாட்டரி வடியும்போது விளக்குகள் மெல்ல மங்கி எச்சரிக்கும். லிதியம் பாட்டரி இறுதிவரை மின்னழுத்தத்தைக் காத்துவந்து, திடீரென நின்றுவிடும். ஆல்டர்னேட்டர் ஓடிக்கொண்டிருக்கையில் பாட்டரி துண்டிக்கப்பட்டால், மின்னழுத்தம் ஒரு கணம் தாவி எழுந்து வானொலி முதலியவற்றைக் கெடுக்கும். எனவே மிகையழுத்தத் தடுப்புக் கருவியும், காவல் சுற்றின் நிலையைக் காட்டும் எச்சரிக்கை விளக்கும் இல்லாத விமானத்தில் இவ்வகையைப் பொருத்தக் கூடாது. எஞ்சின் மின்சாரத்தை நம்பியிருந்தால், தனிப்பட்ட இரண்டாம் பாட்டரியும் தேவை.

பொருத்தும் முறை

பழையதைக் கழற்றும்போது முதலில் எதிர்முனைக் கம்பியையும் பின்னர் நேர்முனைக் கம்பியையும் நீக்க வேண்டும். பொருத்தும்போது நேர்முனை முதலிலும் எதிர்முனை இறுதியிலும் வரவேண்டும். எதிர்முனை உடலோடு இணைந்திருக்கையில், நேர்முனையில் பிடித்த ஸ்பானர் உலோகப் பகுதி எதையேனும் தொட்டால், பல நூறு ஆம்பியர் அதன் வழியே பாயும். லாங் ஈஸியின் கண்ணாடி இழை உடல் மின்சாரத்தைக் கடத்தாது. எனினும் உள்ளே எதிர்முனையோடு இணைந்த உலோகப் பகுதிகள் உள்ளமையால் இவ்வரிசையை அங்கும் மாற்றலாகாது. மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வைப்பது நன்று.

புதிய பாட்டரியின் முனைகள் பழையதற்கு நேர்மாறான பக்கங்களில் இருக்கலாம். கம்பி எட்டுகிறது என்பதற்காக மாற்றி இணைத்தால், ஆல்டர்னேட்டரின் டையோடுகள் நொடியில் அழியும். கம்பியின் முனைவளையம் பாட்டரி முனையை நேராகத் தொடவேண்டும். வாஷர் அதன்மேல் வரவேண்டுமேயன்றி இடையில் வரலாகாது. லிதியம் பாட்டரியின் திருகுமரைகள் மென்மையானவை. குறித்த முறுக்களவுக்கு மேல் முடுக்கினால் பிய்ந்துவிடும். கனத்த கம்பி தொங்கி முனையை இழுக்காதவாறு அருகிலேயே அதைத் தாங்கிக் கட்ட வேண்டும். நேர்முனையை ரப்பர் உறையால் மூடவேண்டும்.

பெட்டி பெரிதாகவும் பாட்டரி சிறிதாகவும் இருந்தால், இடைவெளியை அமிலத்தாலும் சூட்டாலும் கெடாத உறுதியான கட்டைகளால் நிரப்ப வேண்டும். வெறும் நாடாவால் கட்டிவைப்பது போதாது. விமானம் மோதி நிற்கும்போது முன்னோக்கி எடையைப்போல் 9 மடங்கு விசை எழும் என்று கொண்டு கணக்கிட்டால், 10.5 கிலோகிராம் பாட்டரி ஏறத்தாழ 95 கிலோகிராம் விசையுடன் பாயும். பாட்டரி இருக்கைக்குப் பின்னால் உள்ள விமானத்தில், அப்பாய்ச்சலின் பாதையில் இருப்பவர் ஓட்டுநர்.

மூக்கில் உள்ள பாட்டரிக்கும் பின்முனையில் உள்ள எஞ்சினுக்கும் இடையே போவதும் வருவதுமாக எட்டு மீட்டர் கம்பி தேவை எனலாம். 35 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில், ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுக்கும்போது ஏறத்தாழ 0.8 வோல்ட் குறையும். எடையை மிச்சப்படுத்த 16 சதுர மில்லிமீட்டர் கம்பியை இட்டால் இழப்பு 1.7 வோல்ட். ஸ்டார்ட்டர் சோர்ந்து சுழல்வதற்குப் பாட்டரியைக் குறை கூறுமுன் கம்பியைப் பார்ப்பது முறை.

லாங் ஈஸியின் மூக்கறைக்கும் ஓட்டுநர் அமரும் இடத்துக்கும் இடையே காற்று தடையின்றிச் செல்லும். ஆதலால் பாட்டரியிலிருந்து எழும் வாயுவும் புகையும் ஓட்டுநரின் முகத்துக்கே வரும். எவ்வகைப் பாட்டரியாயினும், அதன் பெட்டியிலிருந்து வெளிக்காற்றுக்கு ஒரு குழாய் இட்டுச் செல்ல வேண்டும். எஞ்சின் அறையில் பொருத்துவதாயின் வெப்பத்தைக் கருத வேண்டும். காரீயப் பாட்டரியின் ஆயுள், வெப்பம் ஒவ்வொரு பத்து டிகிரி சென்டிகிரேடு உயரும்போதும் ஏறத்தாழப் பாதியாகிறது. லிதியம் பாட்டரிக்கும் தயாரிப்பாளர் குறித்த வெப்ப எல்லை உண்டு.

பொருத்திய பின்

வேலை முடிந்ததும் எஞ்சினை ஓட்டி, மின்னேற்றும் அழுத்தத்தை மீண்டும் அளக்க வேண்டும். பின்னர் விமானத்தைச் சக்கரங்களின் கீழே எடைமேடைகளை வைத்து நிறுத்தி, எடையையும் ஈர்ப்பு மையத்தையும் புதிதாகக் காணவேண்டும். அல்லது இரண்டு பாட்டரிகளையும் கம்பிகளுடனும் பெட்டியுடனும் தனித்தனியே நிறுத்துக் கணக்கால் காணவேண்டும். அச்சிட்ட எடையை நம்புவது போதாது. முடிவை விமானத்தின் எடைப் பதிவேட்டிலும் பராமரிப்பு ஏட்டிலும் தேதியுடன் எழுதி, பழைய தாளை ‘இது செல்லாது’ என்று குறித்துவிட வேண்டும். பின்னர் விமானத்தை வாங்குவோர் அந்த ஏட்டைத்தான் நம்புவார். வெற்றுத் தாளில் பழைய எடையும் மூக்கில் புதிய பாட்டரியும் இருப்பின், அவருக்கு அதனை உணர்த்த வேறு வழியில்லை.

பாட்டரி புதிதாக இருக்கும்போதே கொள்ளளவுச் சோதனையைச் செய்து, ஆன நேரத்தைப் பாட்டரியின்மீதே ஒட்டி வைத்தால், ஆண்டுதோறும் செய்யும் சோதனைக்கு அது உரைகல்லாகும். லிதியம் பாட்டரியை 10.5 வோல்ட் வரை வடிக்காமல், தயாரிப்பாளர் குறித்த இடத்தில் நிறுத்த வேண்டும். கழற்றிய காரீயப் பாட்டரியைக் குப்பையில் எறியாது, உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.

வகுப்பறையில் ஒரு சோதனை

இதில் அடங்கிய உண்மையை விமானமின்றியே மாணவர்க்குக் காட்டலாம். ஒரு மீட்டர் அளவுகோலைக் கூரான கட்டையின்மீது நிறுத்தி, ஒரு முனையில் சிறு எடையையும், மறுபுறம் கட்டைக்கு அருகில் பெரிய எடையையும் வைத்துச் சமன் செய்க. முனையிலுள்ள சிறு எடையில் கால்பங்கை எடுத்துவிட்டு, அளவுகோல் மீண்டும் சமனாகக் கட்டையை எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று மாணவர் அளக்கட்டும். பின்னர் அதே அளவைப் பெரிய எடையிலிருந்து எடுத்துப் பார்க்கட்டும். நீக்கிய எடை ஒன்றே. நகர்ந்த தொலைவு வேறு. விமானத்தின் மூக்கில் இருந்த பாட்டரி அந்தச் சிறு எடை. பின்னால் உள்ள எஞ்சின் அந்தப் பெரிய எடை.

எடை குறைந்த பாட்டரி நல்ல பொருளே. இடமறிந்து வைக்கப்பட்ட பல விமானங்களில் அது சிறப்பாகப் பயன்படுகிறது. ஆயினும் மாற்றுப் பாட்டரியை வைப்பவர் பெட்டி நிரம்புகிறதா, எஞ்சின் சுழல்கிறதா என்ற இரண்டு கேள்விகளோடு நின்றுவிடலாகாது. எத்தனை நிமிடம் தாங்கும், எந்த அழுத்தத்தில் நிரம்பும், எடை எங்கே நிற்கும், புகை எங்கே போகும் என்ற நான்குக்கும் விடையைத் தாளில் எழுதிய பிறகே ஸ்பானரைக் கையில் எடுக்க வேண்டும். பாட்டரி மாற்றுதல் ஒரு மணி நேர வேலை. அதற்கு முன் செய்யும் கணக்கு மேலும் ஒரு மணி நேரம் கொள்ளும். விமானத்தைக் காப்பது அந்த இரண்டாவது மணி நேரமே.